கல்லூரி உதவித்தொகை: தமிழ்நாட்டு மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்து கல்லூரியில் சேரும் மாணவர்களுக்காகவும், ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தும் உதவித்தொகை பக்கம் போகாதவர்களுக்காகவும் இந்தக் கேள்வி-பதில் தொகுப்பு. பெரும்பாலான வீடுகளில் பணம் கைக்கு வராமல் போவதற்குத் திட்டம் இல்லாதது காரணமில்லை. ஆதாரில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர், வங்கியில் இன்னொரு பெயர் என்று இருப்பதுதான் காரணம். அதனால் திட்டங்களைச் சொல்லும் அளவுக்கு ஆவணங்களைப் பற்றியும் இங்கே சொல்லியிருக்கிறோம்.

எங்கிருந்து தொடங்குவது? எதற்கெல்லாம் தகுதி என்றே தெரியவில்லை.

ஒரு தாளில் ஐந்து விவரங்களை எழுதுங்கள். 6 முதல் 12 வரை எந்த வகுப்பை எந்தப் பள்ளியில், எந்த மீடியத்தில் படித்தீர்கள்? சாதிச் சான்றிதழில் என்ன பிரிவு? குடும்ப ஆண்டு வருமானம் எவ்வளவு? தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று யாராவது பட்டதாரியா? பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள், ஏதாவது நலவாரியத்தில் பதிவு உண்டா?

இந்த ஐந்தையும் வைத்தே முக்கால்வாசி திட்டங்களைப் பிரித்துவிடலாம். பிறகு அவற்றை இரண்டு கூறாக்குங்கள். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தாலே கிடைப்பவை ஒரு பக்கம், போட்டியில் தேர்வானால் மட்டும் கிடைப்பவை இன்னொரு பக்கம். முதல் பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள். பல மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தனியார் அறக்கட்டளைகளுக்கு ஒரு மாதம் கட்டுரை எழுதிக்கொண்டிருந்துவிட்டு, விண்ணப்பித்தாலே கிடைக்கக்கூடிய அரசு உதவித்தொகையின் கடைசித் தேதியைக் கோட்டை விடுகிறார்கள்.

நான் அரசுப் பள்ளியில் படித்தவன். எனக்கு என்னென்ன உண்டு?

மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து, பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐ.டி.ஐ. போன்றவற்றில் முதன்முறையாகச் சேர்ந்தவர்கள் படிப்பு முடியும்வரை பெறலாம். அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் மீடியத்தில் படித்தவர்களும் இப்போது இரண்டு திட்டங்களிலும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். சாதி வரம்பும் இல்லை, வருமான வரம்பும் இல்லை. தொலைதூரக் கல்விக்கும் முதுகலைக்கும் கிடையாது.

இதற்குத் தனியாக எங்கும் போய் விண்ணப்பிக்க வேண்டாம், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். பள்ளியில் உங்களுக்கு இருந்த எமிஸ் எண்ணை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்பை எங்கே படித்தீர்கள் என்பதை அதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள்.

அடுத்தது 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வுக்குப் பதிவு செய்யும்போதே இந்தப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, பள்ளிச் சான்றை இணைக்க வேண்டும். பொதுத் தரவரிசையிலேயே நல்ல இடம் வரும் என்று நினைத்து இந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விடுபவர்கள் உண்டு. விட்டுவிட்டால் பிறகு சேர்ப்பது கடினம்.

ஆறாம் வகுப்பு மட்டும் தனியார் பள்ளியில் படித்தேன். கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் இலவச இடத்தில் தனியார் பள்ளியில் 6 முதல் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்தத் தனியார் பள்ளியிடமிருந்து, கல்வி உரிமைச் சட்ட இடத்தில் படித்ததாகச் சான்று வாங்க வேண்டும்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் எவ்வளவு வரும்?

இது பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். திரும்பத் தரப்படாத கட்டாயக் கட்டணங்களோடு, ஆண்டுக்கு ஒரு படிப்புத் தொகையும் உண்டு. எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய விதிப்படி, பொறியியல், மருத்துவம் போன்ற தொழில்முறைப் பட்டப்படிப்பு என்றால் விடுதி மாணவருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்றால் 6,000, 3,000. மாற்றுத் திறனாளிகளுக்கு இதில் 10 சதவீதம் கூடுதல்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு, விடுதியில் தங்கிக்கொண்டே விண்ணப்பத்தில் டே ஸ்காலர் என்று போட்டுவிடுவது. கிட்டத்தட்டப் பாதித் தொகை அங்கேயே போய்விடும். முதல் வருடம் வீட்டிலிருந்து போய்வந்து இரண்டாம் வருடம் விடுதிக்கு மாறினாலும் புதுப்பிக்கும்போது மாற்றிக் குறிப்பிட வேண்டும்.

தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வரும். கல்லூரிக்குச் சேரவேண்டிய கட்டணமும் அதில் அடக்கம் என்றால், வந்தவுடன் எடுத்துக் கட்டிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, பிறகு தேர்வுக்கு முன்னால் கட்டணப் பாக்கி என்று ஹால் டிக்கெட் பிரச்சினையில் மாட்டுவது அடிக்கடி நடக்கிறது.

கிறிஸ்தவ மதத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களின் சாதிச் சான்றிதழில் பி.சி. என்றுதான் இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் அவர்களுக்கான உதவித்தொகை ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகவே வருகிறது. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை பிரிவில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்கு?

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் பட்டப்படிப்பு படிப்பவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனையே கிடையாது. அப்பா அரசு ஊழியர் என்பதாலேயே விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டியதில்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்கு மட்டும் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் யுமிஸ் (தமிழ்நாடு அரசின் உயர்கல்வி மாணவர் விவரத் தளம்) வழியாகப் போகும். சந்தேகம் என்றால் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் செக்‌ஷன், அடுத்து கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகம்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஐ.ஐ.எம்., ஐ.ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்த இந்தப் பிரிவு மாணவர்களுக்கு, வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை தமிழ்நாடு அரசு தருகிறது. வெளிமாநிலத்தில் படிப்பவர்கள் இதை அறியாமலே நான்கு வருடம் முடித்துவிடுகிறார்கள். படிக்கும் நிறுவனத்தின் ஒப்புதலோடு விண்ணப்பம் சென்னைக்கு வர வேண்டும் என்பதால் இரண்டு மூன்று வாரம் முன்கூட்டியே தொடங்குங்கள்.

நாங்கள் ஓ.சி. எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்கிறார்களே?

தவறு. அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் மேலே சொன்ன மாதம் 1,000 ரூபாயும் 7.5 சதவீத ஒதுக்கீடும் எந்தச் சாதியினருக்கும் பொருந்தும். முதல் பட்டதாரி சலுகையும் (குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான கல்விக் கட்டணச் சலுகை) அப்படியே.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. பிளஸ் டூவில் தங்கள் போர்டில் முதல் 20 சதவீத மாணவர்களுக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். இளங்கலையில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், முதுகலையில் 20,000. நான்காண்டு பி.இ. என்றால் நான்காம் ஆண்டுக்கு 20,000. நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 பேருக்குப் புதிதாகத் தருகிறார்கள், பாதி இடம் மாணவிகளுக்கு. ஆனால் மாநிலவாரியாக எண்ணிக்கை வரம்பு இருப்பதால் தகுதி இருந்தும் பட்டியலில் வராமல் போகலாம். டிப்ளமோவுக்கும் தொலைதூரக் கல்விக்கும் இல்லை.

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற பொறியியல், டிப்ளமோ படிப்புகளில் சேர்ந்த மாணவிகளுக்குப் பிரகதி, 40 சதவீதமோ அதற்கு மேலோ மாற்றுத்திறன் உள்ளவர்களுக்குச் சக்‌ஷம். இரண்டிலும் ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். பிரகதி ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு மட்டும்.

முதல் பட்டதாரி சலுகைக்கு யார் தகுதி?

குடும்பத்தில் தாத்தா பாட்டி தொடங்கி உடன்பிறந்தவர்கள் வரை யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அண்ணனோ அக்காவோ இன்னும் பட்டம் வாங்கவில்லை, ஆனால் இதே சலுகையில் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார் என்றாலும் உங்களுக்குக் கிடைக்காது.

இதில் முக்கியமான நிபந்தனை, தொழிற்படிப்பில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது. மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அதன் பிறகு சான்றிதழோடு போனால் பயனில்லை. "முதலில் அட்வான்ஸ் கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அட்மிஷன் ஆட்கள் சொன்னால், எந்தத் திட்டம், எந்த ஒதுக்கீட்டு இடம் என்று எழுத்தில் கேளுங்கள். மேனேஜ்மெண்ட் இடம் என்றால் அரசுச் சலுகைகள் பலவும் அந்த நிமிடமே கழன்றுவிடும்.

சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். சேவை எண் ஆர்.இ.வி. 104. குடும்பத்தில் ஒவ்வொருவரும் என்ன படித்தார்கள் என்று கேட்பார்கள். டி.சி. நகல்களைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். படிக்காத தாத்தாவுக்கு உறுதிமொழி போதும்.

பெற்றோரின் வேலையை வைத்து ஏதாவது உண்டா?

உண்டு, இதைத்தான் யாரும் தேடுவதில்லை. பீடி சுற்றும் தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் உதவித்தொகை தருகிறது. தொழிற்படிப்பு என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். திருநெல்வேலி, தென்காசி, வேலூர் பக்கத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இது. தாயிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்க வேண்டும், குறைந்தது ஆறு மாதப் பணி ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பம் தேசிய உதவித்தொகைத் தளத்தில்தான்.

முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகை. தொழிற்படிப்பில் முதலாண்டு சேர்ந்தவர்கள், 60 சதவீத மதிப்பெண் இருந்தால், மாணவிகளுக்கு மாதம் 3,000, மாணவர்களுக்கு 2,500 ரூபாய். இதற்கு மத்திய சைனிக் போர்டின் (முன்னாள் ராணுவத்தினர் நல வாரியம்) தளம் தனி. கட்டுமானத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர், தையல் தொழிலாளர் என்று தமிழ்நாட்டு நலவாரியங்களில் பதிவு செய்த குடும்பங்களுக்கும் படிப்புக்கான உதவி உண்டு. வாரிய அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், காலாவதியான அட்டையோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் ஓ.டி.ஆர். என்கிறார்களே, அது என்ன?

ஒருமுறைப் பதிவு. ஆதாரை வைத்து ஒரு மாணவருக்கு ஒரே ஒரு 14 இலக்க எண் தருவார்கள். படிப்பு முடியும்வரை அதே எண்தான். முதலில் மொபைல் எண்ணைச் சரிபார்த்து, ஆதார் விவரம் கொடுக்க வேண்டும். பிறகு கைபேசியில் தேசிய உதவித்தொகை ஓ.டி.ஆர். செயலியையும் ஆதார் ஃபேஸ் ஆர்.டி. செயலியையும் நிறுவி, முகத்தைக் காட்டி உறுதிப்படுத்த வேண்டும். இரண்டாவது செயலி இல்லாமல் முதல் செயலி வேலை செய்யாது. வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் திரும்பத் திரும்பத் தோல்வி வரும்.

பிரவுசிங் சென்டரில் பதிவு செய்தாலும் மொபைல் எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். கடைக்காரரின் எண்ணைப் போட்டுவிட்டால் அடுத்த வருடம் ஓ.டி.பி. அவருக்குத்தான் போகும். அந்தக் கடை அப்போது இருக்குமா என்பதே சந்தேகம். அரசு உதவித்தொகைகளில் பல, தகுதியில்லாததால் அல்ல, இப்படிப்பட்ட ஒரு தொலைந்த சிம்மினால் நின்றுபோகின்றன.

ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, மார்க் ஷீட்டில் இனிஷியல்தான் இருக்கிறது. பரவாயில்லையா?

தமிழ்நாட்டு மாணவர்களுக்கே உரிய தலைவலி இது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் "கார்த்திகா ம", ஆதாரில் "கார்த்திகா முருகன்", வங்கியில் "ம. கார்த்திகா". நமக்கு மூன்றும் ஒருவரே, கணினிக்கு மூன்று பேர். சில இடங்களில் இனிஷியல் முன் பின் மாறுவதைச் சமாளித்துக்கொள்கிறார்கள். ஆனால் எழுத்துக்கூட்டல் வேறுபட்டால் சரிபார்ப்பில் நிற்கும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அச்சாணியாக வைத்து மற்றதை எல்லாம் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவது நெடும் வேலை. ஆதாரைத் திருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. ஆகவே ஆதார் மையத்தில் ஊழியர் தட்டச்சு செய்யும்போது ஒவ்வொரு எழுத்தையும் திரையில் பார்த்துச் சரி சொல்லுங்கள். ஆதார் மாறிய பிறகு அதே நகலோடு வங்கிக்குப் போய்ப் பெயரை மாற்றுங்கள். கடைசித் தேதி நெருங்கும்போது இந்த வேலையைத் தொடங்கினால் முடியாது. பிளஸ் டூ தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை உள்ள விடுமுறைதான் சரியான காலம்.

வங்கிக் கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறேன். ஆனாலும் பணம் வரவில்லை. ஏன்?

ஆதாரை வங்கியில் இணைப்பது வேறு, சீடிங் செய்வது வேறு. கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தது கே.ஒய்.சி.க்கு, அதாவது நீங்கள் யார் என்பதை வங்கி உறுதிசெய்வதற்கு. அரசுப் பணம் வருவதற்கு, உங்கள் ஆதார் எண்ணுக்கு எந்த வங்கி என்று என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம்) பட்டியலில் பதிவாகியிருக்க வேண்டும். இதற்கு வங்கியில் தனியாக ஒப்புதல் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். "டி.பி.டி. பணம் வருவதற்கு ஆதார் சீடிங் பண்ணணும்" என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள் (டி.பி.டி. என்றால் அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது). "ஆதார் லிங்க் பண்ணணும்" என்று கேட்டால், ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யில்லை.

நிலையை நீங்களே பார்க்கலாம். மைஆதார் தளத்தில் நுழைந்து பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தால் எந்த வங்கி, ஆக்டிவா இல்லையா என்று காட்டும். ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான். பல கணக்கு வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தார்களோ அங்கேதான் பணம் போகும். "வரவில்லை" என்று புகார் செய்யும் பலருக்குப் பணம் பழைய கணக்கில் வந்து கிடக்கும்.

இன்னும் மூன்று இடங்களில் சிக்கும். இரண்டு வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். பள்ளியில் தொடங்கிய கணக்கு மைனர் கணக்காகவே இருந்தால், 18 முடிந்ததும் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுத்து மாற்ற வேண்டும். முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய சிறு கணக்கில் ஒரு நேரத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு கூடாது, ஆண்டுக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவும் கூடாது. பெரிய தொகை வந்தால் திரும்பிப் போய்விடும். எதற்கும் 100 ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள், கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும்.

அப்பா அல்லது அம்மாவின் கணக்கைக் கொடுக்க வேண்டாம். மாணவரின் சொந்தக் கணக்குதான்.

என்னென்ன சான்றிதழ்கள், எங்கே, எவ்வளவு நாள்?

சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, வருமானச் சான்று மூன்றும் இ-சேவை மையத்தில். சேவை எண்கள் முறையே ஆர்.இ.வி. 101, 102, 103. அதற்கு முன் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று பதிவு செய்ய வேண்டும், பிறகு எல்லாச் சான்றுகளுக்கும் அதே எண் போதும். ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், டி.சி. எடுத்துக்கொண்டு போங்கள்.

விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மேலே போகும். எஸ்.டி. சாதிச் சான்று மட்டும் கோட்டாட்சியர் வரை போகும், அதற்கு அதிக நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பதால் வி.ஏ.ஓ. மேசையில் தேங்கும். விண்ணப்ப எண்ணை வைத்து எந்த மேசையில் நிற்கிறது என்று பார்த்து, அந்த ஒரு அலுவலகத்துக்கு மட்டும் போனால் போதும்.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் நிரந்தரம். வருமானச் சான்று அப்படியில்லை, நடப்புக் கல்வியாண்டில் வாங்கியதைத்தான் கேட்பார்கள். பெற்றோர் மாதச் சம்பளம் வாங்குபவர் என்றால் சம்பளச் சீட்டோடு போங்கள். 2.5 லட்சத்துக்குச் சற்றுமேல் வருமானம் உள்ளவர்கள் குறைத்து எழுதச் சொல்லிப் பார்ப்பதுண்டு. வேண்டாம். சம்பள விவரமும் வருமானவரி விவரமும் ஒப்பிடப்பட்டு, வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலை வரலாம்.

மத்திய நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்று கேட்டால் அது தனி. நமது பி.சி., எம்.பி.சி. சான்றை அங்கே ஏற்க மாட்டார்கள்.

ஸ்கேன் செய்யும்போது கைபேசியில் சாய்வாக எடுத்த படத்தை ஏற்ற வேண்டாம். முத்திரையும் கையெழுத்தும் படிக்கும்படி இருக்க வேண்டும். தளம் சொல்லும் கோப்பு அளவுக்குள் குறைத்தபின் ஒருமுறை திறந்து படித்துப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கலாமா?

ஒரே செலவுக்கு இரண்டு அரசுத் திட்டத்தில் வாங்க முடியாது. கல்விக் கட்டணத்தை ஒரு திட்டம் ஏற்றால் இன்னொன்று அதையே ஏற்காது. தேசியத் தளத்தில் இரண்டு திட்டங்களுக்குத் தகுதி இருந்தால், தொகையை ஒப்பிட்டு அதிகம் வருவதைத் தேர்ந்தெடுங்கள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மட்டும் விதிவிலக்கு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் அவை வரும்.

தனியார் அறக்கட்டளைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. படிவத்தில் வேறு எங்காவது பெறுகிறீர்களா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பித்து மூன்று மாதம் ஆகிறது, ஒன்றும் நகரவில்லை.

சமர்ப்பித்ததோடு வேலை முடிவதில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும், பிறகு மாவட்ட அல்லது மாநில அளவில் இன்னொரு சரிபார்ப்பு. மாணவருக்கு ஒரு கடைசித் தேதி, கல்லூரிக்கு வேறொரு கடைசித் தேதி. கல்லூரி தன் தேதியைத் தவறவிட்டால் உங்கள் விண்ணப்பம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அங்கேயே செத்துவிடும்.

அதனால் சமர்ப்பித்த அன்றே அச்சுப் பிரதியும் ஆவண நகல்களும் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். கல்லூரி நிலையில் நிலுவை என்று இருந்தால் நேரில் போய்க் கேளுங்கள். குறையுள்ளது என்று திருப்பி அனுப்பியிருந்தால் காரணமும் அங்கேயே இருக்கும், திருத்திச் சமர்ப்பிக்கக் குறைந்த நாட்களே தருவார்கள். நிராகரிப்பு என்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான்.

எல்லாச் சரிபார்ப்பும் முடிந்தும் பணம் வரவில்லை என்றால் பி.எஃப்.எம்.எஸ். (மத்திய அரசின் பணப்பட்டுவாடாத் தளம்) என்ற தளத்தில் உங்களுக்கு அனுப்பிய தொகையின் நிலையைப் பார்க்கும் பக்கம் இருக்கிறது. வங்கிப் பெயரும் கணக்கு எண்ணும் கொடுத்தால், அனுப்பினார்களா, திரும்பிப் போனதா என்று தெரியும்.

இரண்டாம் ஆண்டு தானாக வருமா?

வராது. ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதிய விண்ணப்பம் போடக் கூடாது, பழைய பதிவிலேயே புதுப்பித்தல் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மத்திய கல்லூரி உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். போஸ்ட் மெட்ரிக் திட்டத்துக்கும் 75 சதவீத வருகை. அரியர் இருந்தால் எந்தத் திட்டம் அனுமதிக்கிறது என்று ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் கேளுங்கள், வகுப்புத் தோழர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

தனியார் உதவித்தொகைகளில் எதற்கு முயற்சி செய்யலாம்?

ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளங்கலை உதவித்தொகை எல்லாப் பாடப்பிரிவுக்கும் உண்டு. முதலாண்டு மாணவர்கள், பிளஸ் டூவில் 60 சதவீதம், குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள். படிப்புக்காலம் முழுவதற்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை. இணையவழித் திறனறித் தேர்வு கட்டாயம், அதை எழுதாத விண்ணப்பம் முழுமையாகாது. கோடக் கன்யா தொழிற்படிப்பில் சேர்ந்த மாணவிகளுக்கு: பிளஸ் டூவில் 75 சதவீதம், வருமானம் 6 லட்சத்துக்குள், ஆண்டுக்கு 1.5 லட்சம் ரூபாய்.

கட்டுரை கேட்டால் "நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன், படித்து நாட்டுக்குச் சேவை செய்வேன்" என்று எழுதுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கணக்கை எழுதுங்கள். ஆண்டுக் கட்டணம் இவ்வளவு, விடுதி இவ்வளவு, வீட்டு வருமானம் இவ்வளவு, கடன் போக மிச்சத் தேவை இவ்வளவு. பிறகு இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதற்கு ஒரு உண்மையான காரணம். ஆங்கிலத்தில் எழுத வராவிட்டால் முதலில் தமிழில் எழுதி, ஆசிரியர் ஒருவரின் துணையோடு எளிய ஆங்கிலத்தில் மாற்றுங்கள். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய கட்டுரையோடு நேர்காணலுக்குப் போனால் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவீர்கள்.

போனஃபைடு சான்றிதழும் (இந்தக் கல்லூரியில் படிக்கிறீர்கள் என்ற சான்று) கட்டண ரசீதும் எல்லா இடத்திலும் கேட்பார்கள். கல்லூரியில் போனஃபைடு வாங்கும்போது ஐந்து பிரதி வாங்கிவிடுங்கள்.

உதவித்தொகை வருவதற்குள் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

எந்தத் திட்டமும் ஜூலையில் விண்ணப்பித்து ஆகஸ்டில் பணம் தராது. முதல் செமஸ்டர் கட்டணத்துக்கு வேறு ஏற்பாடு தேவை என்றே கணக்குப் போடுங்கள். விண்ணப்பப் பிரதியை இணைத்து, தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் தகுதியுள்ள எஸ்.சி. மாணவர்கள் முன்பணம் கட்டாமல் சேர்வதற்கு ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு விதியில் இருக்கிறது, ஆதிதிராவிடர் நலத்துறையில் கேளுங்கள்.

கல்விக் கடன் கடைசி வழி. 4 லட்சம் ரூபாய் வரை வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. கடன் வாங்கும்போதே அதற்கும் சேர்த்து வருமானச் சான்று கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த உதவித்தொகை லிங்க் உண்மையா என்று எப்படி அறிவது?

அரசுத் தளம் என்றால் முகவரி ஜிஓவி.இன் அல்லது என்ஐசி.இன் என்று முடியும். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் சான்றிதழுக்குக் கட்டும் சேவைக் கட்டணம் வேறு விஷயம். "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், 2,000 கட்டினால் 30,000 வரும்" என்பது மோசடி. "கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், ஸ்காலர்ஷிப் ஏறியிருக்கிறது, க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்" என்று கூப்பிடுபவர்கள் உங்கள் பெயரும் கல்லூரியும் சரியாகவே சொல்வார்கள். பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசித் தேதி முடிந்துவிட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாதா?

தேதி நீட்டிப்பு அடிக்கடி நடப்பதுதான், ஆனால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். நீட்டிக்காவிட்டால் அடுத்த ஆண்டு புதிய விண்ணப்பமாகப் போட முடிகிறதா என்று பாருங்கள். போஸ்ட் மெட்ரிக், பி.சி., எம்.பி.சி. திட்டங்களில் இரண்டாம் ஆண்டிலும் புதிதாக விண்ணப்பிக்கலாம். முதலாண்டு மாணவர்களுக்கு மட்டும் என்று இருக்கும் தனியார் திட்டங்களில் அந்த வாய்ப்பு இல்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் விடுபட்டிருந்தால் கல்லூரியில் இந்தத் திட்டங்களுக்கான பொறுப்பு ஆசிரியரைப் பாருங்கள். போகும்போது ஆதார், பாஸ்புக், பள்ளி டி.சி., எமிஸ் எண் நான்கையும் கையில் எடுத்துக்கொண்டு போனால் அன்றே பதிவு செய்துவிடலாம்.